ரத்தத்தில் பிறை

ஜூலை 3, வியாழன்

வீடு வந்து சேர்ந்தாயிற்று. சத்தீஸ்கரில் மழை பிடித்துக்கொண்டது. இனிமேல் அந்தச் சேற்றில் ரிக் வண்டியை இறக்கினால் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். மழை முடிகிற வரைக்கும் ஊருக்குப் போங்கடா என்று முதலாளி சொல்லிவிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வடக்கே போர்வெல் போடப் போகிற ஆம்பிளைகளுக்கு இதுதான் லீவு.

இந்த டைரி, பாறை துளைக்கிற பிட் விற்கிற கடைக்காரர் கொடுத்தது. வண்டியில் நான் டிரில்லர். எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர் என்று தினமும் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இப்போது தோண்ட ஒன்றும் இல்லை. கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

வாணி வாசலிலேயே நின்றிருந்தாள். ஐந்து மாதம். மாசியில் நான் கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. இப்போது வயிறு அவளுக்கு முன்னால் வந்து ஆளை வரவேற்கிறது. நான் இளைத்துவிட்டதாக அவள் சொன்னாள், நீ பெருத்துவிட்டாய் என்று நான் சொன்னேன். கண்ணு வைக்காதடா என்று அம்மா என்னை அடிக்க வந்தாள்.

இதற்கு முன்னால் இரண்டு முறை கலைந்துபோனது. ஒரு முறை நான் ஜார்க்கண்டில் இருந்தேன், இன்னொரு முறை ஒடிசாவில். இரண்டும் போனில் கேட்ட சேதிதான். இந்தப் பிள்ளை தங்கிவிட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

வண்டி நிறுத்துகிற செட்டில் இறங்கியதுமே சுகாதார நிலையத்து ஆட்கள் எல்லார் விரலிலும் குத்தி ரத்தம் எடுத்தார்கள். வடக்கே போய் வருகிறவர்கள் மலேரியாவைக் கொண்டுவந்துவிடுவோமாம், அதனால் வருஷா வருஷம் நடப்பது. ஜூனில் காய்ச்சல் வந்தது, மாத்திரை தின்றேன், விட்டுப்போயிற்று என்று உள்ளதைச் சொன்னேன்.

ஜூலை 5, சனி

சுகாதார நிலையத்திலிருந்து போன். உடனே வரச் சொன்னார்கள். ரத்தம் பார்க்கிற ஜரீனா மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். வணக்கம் சொல்லி உட்காருவதற்குள், ஜூன் மாதம் மாத்திரையை முழுசாகத் தின்றீர்களா என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன். எங்கள் வண்டியில் ஒரு மருந்து டப்பா உண்டு. காய்ச்சல் வந்தவன் காய்ச்சல் விடுகிற வரைக்கும் தின்பான். மிச்சத்தை டப்பாவில் போட்டுவிடுவான், அடுத்து விழுகிறவனுக்கு ஆகும். காட்டுக்குள் ராத்திரி ஒருத்தனுக்கு உடம்பு தூக்கிப் போட்டால் டாக்டருக்கு எங்கே போவது? முழு அட்டையையும் ஒரே ஆள் தின்று தீர்த்தால் அவனைச் சுயநலக்காரன் என்பார்கள். இதையெல்லாம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

மைக்ராஸ்கோப்பில் பாருங்கள் என்றார். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. அப்புறம் வட்ட வட்டமாக ரத்தம். நடுவே மூன்றாம் பிறை மாதிரி வளைந்து ஒன்று. தள்ளி இன்னொன்று. அழகாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

"காய்ச்சல் தர்ற கிருமி போயிருச்சுங்க. இது அது போட்டுட்டுப் போன வித்து," என்றார். "இதுல ஆணும் இருக்குது, பொண்ணும் இருக்குது. உங்க உடம்புக்குள்ள இருக்கற வரைக்கும் ரெண்டும் சேராது. உங்களுக்கு ஒரு தொந்தரவும் பண்ணாது. கொசு உங்களக் கடிச்சு ரத்தத்தோட இதையும் உறிஞ்சிருச்சுன்னா, அதோட வயித்துல போய்த்தான் ஆண் முழிச்சுக்கும். வால் மொளச்சுத் துடிச்சுக்கிட்டுப் பொண்ணத் தேடிப் போகும். அங்க சேர்ந்து பெருகி, கொசு எச்சில்ல வந்து நின்னுக்கும். அப்புறம் அந்தக் கொசு யாரக் கடிச்சாலும் அவங்களுக்குக் காய்ச்சல்."

கொசு வயிறுதான் கல்யாண மண்டபமா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் வீட்டில் யார் யார் என்று கேட்டார். அம்மா, சம்சாரம், சம்சாரம் மாசமாக இருக்கிறாள் என்றேன். அவர் சிரிப்பு நின்றுபோனது.

மாசமாக இருக்கிறவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று நானே வற்புறுத்திக் கேட்டேன். சொன்னார். ரத்தம் வற்றிப்போகும், பிள்ளை தங்காமலும் போகலாம், தாய்க்கே ஆபத்தாகலாம். அதற்கு மேல் அவர் நிறையப் பேசினார். என் காது அடைத்துக்கொண்டது. வித்தைக் கொல்ல ஒரு மாத்திரை உண்டு, அது என் ரத்தத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும் என்று இன்னொரு முறை ரத்தம் எடுத்தார். விட்டுப்போன பழைய மாத்திரையை அவர் கண் முன்னாலேயே முதல் வேளை விழுங்க வைத்தார். மருந்து தோய்த்த கொசுவலை ஒன்று கொடுத்தார்.

வாணிக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினேன். கவலைப்படவே கூடாது என்று அவளுக்கு டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். என் விஷயத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டு ஆட்களுக்கு ரத்தம் எடுத்தே ஆக வேண்டும் என்றார் ஜரீனா மேடம்.

ஜூலை 6, ஞாயிறு

ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். புது வலையை வாணியின் கட்டிலுக்குக் கட்டிவிட்டேன். நான் தோட்டத்துக் கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் போய்விடுகிறேன். வீட்டுக்கும் கிணற்றுக்கும் நல்ல தூரம். அவள் வலைக்குள், நான் வெளியே. இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்வான்?

காரணம் கேட்பார்களே. மலைமேல் இருக்கிற சாமிக்கு விரதம் என்று சொன்னேன். பிள்ளை நல்லபடி பிறக்க, ஆடி முடிகிற வரைக்கும் பெண்டாட்டி முகம் பார்த்துப் படுப்பதில்லை என்று வேண்டிக்கொண்டதாக. அம்மாவுக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. வாணி மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தச் சாமி பொண்டாட்டிய உடம்புலயே பாதியா வச்சுக்கிட்டு நிக்குது. அதுகிட்டப் போயி, பொண்டாட்டிய உட்டுட்டுப் படுக்கறேன்னு வேண்டிக்கிட்டீங்களா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. பழனிக்கு வேண்டிக்கொண்டதாகச் சொல்லியிருக்கலாம். சாமி விஷயத்தில் எதிர்க்கேள்வி கேட்காதே என்று அதட்டிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

கிணற்று மேட்டில் கொசு பிடுங்கி எடுக்கிறது. எடுக்கட்டும். இங்கே வயிறு நிரம்பினால் அங்கே போகாது.

ஜூலை 12, சனி

வித்தைக் கொல்கிற அந்த மாத்திரை எனக்கு ஆகாதாம். என் ரத்தத்தில் பிறவியிலேயே ஏதோ ஒரு சத்து குறைவு, தின்றால் ரத்தம் உடைந்துபோகுமாம். முப்பத்து மூன்று வருஷமாக எனக்கே தெரியாத குறை. பிறை தானாகச் சாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலையில் வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

வலை கட்டியாயிற்றா என்று ஜரீனா மேடம் கேட்டார். கட்டியாயிற்று என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

எங்கள் தெரு முழுக்க வீடு வீடாக ரத்தம் எடுத்தார்கள். அம்மாவுக்கும் வாணிக்கும் ஒன்றும் இல்லை என்று சாயங்காலமே சேதி வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பொழுது சாயும்போது வாணியே எனக்குச் சோறு கொண்டுவருகிறாள். அம்மாவுக்கு முட்டிவலி, அவ்வளவு தூரம் நடக்க மாட்டாள். சோற்றுப் போசியைத் திண்டில் வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்துகொள்கிறாள். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். இருட்டுவதற்குள் போ என்றால், இங்கே காற்று நன்றாக வருகிறது என்கிறாள். விரதத்தில் பேசக் கூடாது என்றும் உண்டா என்று வாயைக் கிளறுகிறாள்.

இன்றைக்குப் பிள்ளைக்குப் பெயர் வைத்து விளையாடினோம். நான் சொன்ன ஒரு பெயரும் தேறவில்லை. ரிக் வண்டிக்கு வைக்கிற பெயராகச் சொல்கிறேனாம். அவள் போன பிறகு தொட்டியில் கை வைத்துப் பார்த்தேன், அவள் உட்கார்ந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆன ஆள் செய்கிற காரியமா இது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ஊரெல்லாம் தேங்காய் சுடுகிற வாசனை. எங்கள் வீட்டிலும் தேங்காய்க்குள் பச்சரிசியும் பருப்பும் வெல்லமும் அடைத்து, குச்சியில் சொருகிச் சுட்டார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைத்தான் ஆடியில் பிரித்து வைப்பார்கள், உங்களை யாரும் கேட்காமலே நீங்களே பிரித்துக்கொண்டீர்கள் என்று வாணி குத்திக்காட்டினாள். சுட்ட தேங்காயை எனக்கு உடைத்துக் கொடுத்தாள். விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தேங்காய் கீறும்போது பட்டுவிட்டதாம்.

ஜூலை 22, செவ்வாய்

பிறை குறைந்திருக்கிறது, போகவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் தேடித் தேடி ஒன்றிரண்டு பார்த்தாராம்.

இதற்குள்ளே கிடந்து என்ன செய்யும் என்று கேட்டேன். ஒன்றும் செய்யாதாம். சாப்பிடாது, பெருகாது, கொசு வருமா என்று காத்துக் கிடக்குமாம். வராவிட்டால் அப்படியே செத்துப்போகுமாம். ஆணும் பெண்ணும் ஒரே ரத்தத்தில் ஓடிக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு, சேராமலே சாகிறது. கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் பிள்ளைக்கு எமனாக வந்து உட்கார்ந்திருக்கிறது, அதன் மேல் போய்ப் பாவம் பார்க்கிறேன்.

சாயங்காலம் வாணியின் இன்னொரு விரலில் பிளாஸ்திரி. வெங்காயம் நறுக்கும்போதாம். சத்து மாத்திரை வாங்கச் சுகாதார நிலையத்துக்கு மத்தியானம் போய் வந்ததாகவும் சொன்னாள். போன வாரம்தானே வாங்கினாய் என்றேன். கொட்டிப்போயிற்று என்றாள். மாசமாக இருந்தால் கை நடுங்கும் போலிருக்கிறது. அம்மாவிடம் சொல்லி இவளைக் கத்தி எடுக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

இன்று சாயங்காலம் ஜரீனா மேடம் இரண்டு ஆட்களோடு தோட்டத்துக்கு வந்தார். ஊரில் உள்ள கிணறு, தொட்டி எல்லாம் பார்த்து வருகிறார்களாம். நான் மோட்டார் ரூமுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். அவர் என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், பிறகு தொட்டியில் கரண்டி விட்டு மொண்டார். தண்ணீர் மேல் நூல் துணுக்கு மாதிரி புழுக்கள் படுத்திருந்தன. சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும், இது மட்டும்தான் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக்கொள்ளும் என்றார். மலேரியாக் கொசு.

"வலை எங்கீங்க?"

"வீட்லங்க மேடம். சம்சாரத்துக்குக் கட்டியிருக்கறேன்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"வலை உங்களுக்குங்க. பிறை உங்க ரத்தத்துலதான இருக்குது? கொசு உங்களக் கடிக்காம இருக்கறதுக்குத்தான் குடுத்தேன். அத அவங்களுக்குக் கட்டிட்டு, கொசு பொறக்கற எடத்துலயே வந்து படுத்திருக்கறீங்களே."

தள்ளித்தானே இருக்கிறேன் என்றேன்.

"கொசுவுக்கு றெக்கை இருக்குதுங்க. இன்னிக்கு உங்களக் கடிச்சது பத்து, பன்னெண்டு நாள் கழிச்சு யாரக் கடிக்கும்னு யாருக்குத் தெரியும்? இது ஒட்டிக்கற நோவு இல்ல. ரெண்டு பேரும் ஒரே வலைக்குள்ள ஒண்ணாப் படுத்திருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது."

திரும்பினால் வாணி நிற்கிறாள், கையில் சோற்றுப் போசியோடு. தினமும் அவள் வந்து உட்காருகிற அதே நேரம், அதே தொட்டி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த இடத்திலிருந்து அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனோ, அந்த இடத்துக்கு நானே அவளை நாள் தவறாமல் வர வைத்திருக்கிறேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. விரதம் என்று நான் சொன்ன அன்றைக்கே அது பொய் என்று தெரியுமாம். தெரு முழுக்க ரத்தம் எடுத்த மறுநாளே தன்னை மட்டும் மறுபடி கூப்பிட்டு, இனி வாராவாரம் வரச் சொன்னபோதே, புருஷன் என்னவோ கொண்டுவந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டதாம். பிளாஸ்திரி போட்ட விரல்கள் எல்லாம் அங்கே குத்தியவை. என்ன, ஏது என்று ஜரீனா மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்றாள். போசியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டுக் காய வைத்தார்கள். கிணற்றில் புழு தின்கிற மீன் விட்டார்கள். வீட்டுச் சுவரெல்லாம் மருந்து அடித்தார்கள். என்னை வீட்டுக்குள் கொண்டுவந்து, முன்னறையில் தனிக் கட்டில் போட்டு, எனக்கென்று ஒரு வலை கட்டினாள் வாணி. முடிச்சுப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு அவள் வலை.

இனி ஆடி முடிகிற வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதாம். கொசு கடித்திருந்தால் இனிமேல்தான் காய்ச்சல் காட்டும். தினமும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அம்மாவை விட்டுக் கேட்டேன். அம்மாவே தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊர் ஜனம் எல்லாம் காவிரிக்குப் போயிருக்கிறது. நாங்கள் போகவில்லை. வாணி புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று மூன்று செய்தாள். என் தட்டில் போடும்போது, உப்பு போதுமா என்று கேட்டாள். ஆறு நாளில் என்னிடம் பேசின முதல் பேச்சு. உப்பே இல்லை. போதும் என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நெற்றி குளிர்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், குளிர்கிறது என்றாள். ஆடி வெயில் பல்லைக் காட்டுகிறது, இவள் போர்வை கேட்கிறாள். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் இந்தக் குளிரை நான் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன். தொட்டுப் பார்க்க யாரையும் கேட்கவில்லை. நானே தொட்டேன். கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஜரீனா மேடம் வந்து லேபைத் திறந்தார். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த நேரம் முழுக்க நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்ததும் வாணியிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. இருக்கிறது, ஆனால் கொஞ்சமாகத்தான் இருக்கிறது, முதல் நாளிலேயே பிடித்துவிட்டோம் என்று. 108 வண்டிக்கு அவரே போன் போட்டார்.

நான்தான் செய்தேன். என் கையால், என் புத்தியால். இதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாமக்கல் ஆஸ்பத்திரி. மாத்திரை கொடுக்கிறார்கள். ஆறாம் மாதம் ஆகிவிட்டதால் கொடுக்கலாமாம். பிள்ளையின் இதயத் துடிப்பைக் குழாய் வைத்துக் கேட்டார்கள். இருக்கிறது. எனக்கும் கேட்க வைக்கச் சொல்லலாம் என்று பார்த்தேன், வாய் வரவில்லை.

பிரசவ வார்டில் ஆம்பிளைகள் படுக்கக் கூடாது. வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் வழியாக அவள் கட்டில் தெரிகிறது. ஒரு முறை கண் திறந்து நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். இருந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மறுபடி குளிர். இன்றைக்குப் பிள்ளை அசையவில்லை என்கிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் அம்மா கொண்டுவந்த கஞ்சியை அரை டம்ளர் குடித்தாள். என்னை உள்ளே வரச் சொல்லி நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு இடி.

நேற்று ராத்திரியிலிருந்தே இப்படித்தான் உதைக்கிறதாம். ஏன் புள்ள நேற்றே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஒரு மாசம் சொல்லலியே, நான் ஒரு ராத்திரி சொல்லக் கூடாதா?" என்றாள். வார்டில் எல்லாரும் பார்க்க அழுதேன். பக்கத்துக் கட்டில்கார அம்மா தன் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நேற்று சுகாதார நிலையத்தில் இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்தார்கள். என் ரத்தத்தில் பிறை இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதாம். இப்போது வாணி ரத்தத்தில் ஒன்றிரண்டு வந்திருக்கிறது. காய்ச்சல் விட்டு ஒரு வாரம் போல ஆனதும் வருவதுதானாம், பயப்பட வேண்டாம், அவளுக்கும் பிள்ளைக்கும் இதனால் ஒன்றும் ஆகாதாம். வயிற்றில் பிள்ளை இருப்பதால் அந்த மாத்திரை அவளுக்கும் கொடுக்கக் கூடாது. தானாகப் போகிற வரைக்கும் அவள் வலைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வழியெல்லாம் ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"இப்ப வித்து எங்கிட்ட. நீங்க நல்லா இருக்கறீங்க. போயி மோட்டார் ரூம்ல படுங்க."

முன்னறையில் இருந்த என் வலையை அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் போட்டேன். கேட்காமலே அவள் வலைக்குள் ஏறிப் படுத்துக்கொண்டேன். கட்டில் கிரீச்சிட்டது. கொஞ்சம் தள்ளுங்கள், பிள்ளைக்கு இடம் வேண்டும் என்றாள்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று எங்கள் ரிக் வண்டி கிளம்பிவிட்டது. சத்தீஸ்கரில் மழை குறைகிறதாம். முதலாளி பல தடவை போன் போட்டுப் பார்த்தார். பிள்ளை பிறந்து தலை நிற்கிற வரைக்கும் நான் எங்கேயும் வருவதாக இல்லை என்றேன். இந்த சீசன் போனால் அடுத்து என்ன டிரில்லர் வேலை காத்துக்கொண்டா இருக்கும் என்றார். இருக்காதுதான்.

செட்டுக்குப் போய் வழியனுப்பினேன். பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மருந்து டப்பாவில் கிடந்த அரைகுறை அட்டைகளை எல்லாம் வாரிக் குப்பையில் கொட்டினேன். காய்ச்சல் வந்தால் ரத்தம் பாருங்கள், கொடுத்த மாத்திரையை ஒருத்தனே முழுசாகத் தின்று முடியுங்கள் என்று பசங்களுக்கு ஒரு பாட்டம் பிரசங்கம் வைத்தேன். அண்ணனுக்குப் பிள்ளை வரப்போகிறது, புத்தி வந்துவிட்டது என்று கேலி செய்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் வந்து வலைக்குள் புகுந்துவிட்டேன். வாணி ஏற்கெனவே உள்ளே இருந்தாள். மெயின் ரோட்டில் எங்கள் வண்டியின் ஹாரன் கேட்டது. எத்தனை வண்டி போனாலும் அந்த ஹாரன் மட்டும் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் இருவரும் காது கொடுத்திருந்தோம்.

"அந்த ரெண்டு தடவையும் நீங்க இருந்திருந்தாலும் நின்னிருக்காதுங்க. டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாங்க," என்றாள்.

இத்தனை வருஷம் நான் அப்படி நினைக்கவே இல்லை. நான் பக்கத்தில் இல்லாததால்தான் போயிற்று என்று அவள் நினைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். பின்னே ஏன் புள்ள என்மேல் அவ்வளவு கோபம் என்று கேட்டேன்.

"கலைஞ்சதுக்கு இல்லீங்க. கலைஞ்சப்ப நான் ஒண்டியாக் கெடந்தேன். இந்தத் தடவ பக்கத்துலயே இருந்துக்கிட்டு, எனக்கு நல்லது பண்றேன்னு என்னைய ஒண்டியா உட்டீங்க பாருங்க. அதத்தான் தாங்க முடியல."

இனிமேல் விட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு என் கையைத் தலைக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டாள். இப்போது இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன், கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது எழுத்து.

வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கு ரத்தம் எடுக்கிற நாள். எனக்கு இனிமேல் வேண்டியதில்லை என்று ஜரீனா மேடம் சொல்லிவிட்டார். இருந்தாலும் அவளோடு போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் விரலை நீட்டப்போகிறேன்.